ரோட்டுக்குத் துப்புக்கூலி

முள்ளிக்கிடைக்குத் தார்ச்சாலை வந்த வருஷத்தில், அந்தச் சாலை வழியாகத் திருடிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் அதே சாலை வழியாக முள்ளிக்கிடைக்கே திரும்பி வந்து சேர்ந்ததை ஊரில் யாரும் பெரிய விஷயமாகப் பேசவில்லை. மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும், திருடினால் ரோடு திருப்பிக் கொண்டுவரும், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தார்கள். வாயைப் பிளந்தவர் ஏட்டு கொம்பையா ஒருவர்தான், அவரும் ஆச்சரியத்தில் பிளக்கவில்லை, எரிச்சலில் பிளந்தார்.

கொம்பையா அந்த ஊர்ப் புறக்காவல் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தபோது, ஓய்வு பெறப்போகிற போலீஸ்காரர்களை முன்கூட்டியே ஓய்வெடுக்க அனுப்புகிற இடம் என்று அதற்குப் பெயர். பஸ் ஓடைக்கு அந்தப் பக்கம், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்றுவிடும். அங்கிருந்து கரிசல் புழுதியில் நடக்க வேண்டும், மழைக்காலமென்றால் கரிசல் சகதி செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெளியூர்த் திருடன் ஒருவன் முள்ளிக்கிடை ஆட்டின் மேல் ஆசை வைத்தால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை தூரம் நடக்க வேண்டும், வழியில் நாலு ஊர் நாய் குரைக்கும், தோளில் கிடக்கிற ஆடு காதுக்குள்ளேயே கத்தும், எந்தத் திருடனுக்கும் அது கட்டுப்படியாகாது. அதனால் அந்த ஊரில் நடந்த களவெல்லாம் உள்ளூர்க் களவுதான், அதற்கு ஒரு நடைமுறை இருந்தது. ஆடு காணாமல் போனால் ஆட்டுக்காரர் போலீசுக்குப் போகமாட்டார். துப்புச் சொல்கிறவர் என்று ஊருக்கு ஒருத்தர் இருப்பார், அவரிடம் வெற்றிலை பாக்கோடு துப்புக்கூலியை வைத்துவிட்டு வந்து வீட்டில் படுத்துக்கொள்வார். மறுநாள் காலையில் ஓடைக்கரை உடைமரத்தில் அந்த ஆடு கட்டிக் கிடக்கும். களவாண்டவன் யார், துப்புச் சொன்னவருக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். பொருள் வந்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது. போலீசிடம் வாயைத் திறந்தால் துப்பு அறுந்துபோகும், அதன்பிறகு பொருள் திரும்பாது. இதுதான் சட்டம்.

அந்த ஊர்க்காரர்கள் ரோடு வேண்டும் என்று ஒரு தலைமுறையாக மனுக் கொடுத்தார்கள். ரோடு வந்தது. ஓடைமேல் பாலம் ஏறி, காற்றாலைகளைத் தாண்டி, நான்குவழிச்சாலையில் போய்ச் சேருகிற கருகருவென்ற ரோடு. அந்த ரோட்டில் பஸ் வரும் என்று ஊர் காத்திருந்தது. பஸ் வரவில்லை, பிறகும் வரவில்லை. வந்ததெல்லாம் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் கறுப்பு ஒட்டிய கார்கள். மேய்கிற ஆட்டின் பக்கத்தில் கார் நிற்கும், கதவு திறக்கும், மூடும், ஆடு போய்விடும்; காலையில் முள்ளிக்கிடையில் மேய்ந்த ஆடு மதியத்துக்குள் ஏதோ ஒரு நகரத்துச் சட்டியில் கொதிக்கும். நான்குவழிச்சாலை சந்திப்பில் ஒரு கேமராவும் ரோந்து வண்டியும் வேண்டும் என்று கொம்பையா மேலிடத்துக்கு எழுதினார். முள்ளிக்கிடையில் இத்தனை வருஷமாக ஒரு திருட்டு வழக்குகூட இல்லையே, கேமரா எதற்கு என்று மேலிடம் கேட்டது.

ஆடு பறிகொடுத்தவர்கள் கொம்பையாவிடம் வந்தார்கள். புகார் கொடுக்க வரவில்லை. முன்னால் நின்றவள் சீனியம்மாள், ஊரிலேயே நல்ல ரகக் கன்னியாடுகள் வைத்திருந்தவள், அவள் புருஷன் பூல்பாண்டி அந்த ஆடுகளுக்குப் பின்னால் நடப்பதைத் தவிர உலகத்தில் வேறு வேலை அறியாதவன்.

"ஏட்டய்யா, இப்ப யாருக்குத் துப்புக்கூலி குடுக்கணும்? அதை மட்டும் சொல்லிருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்."

"எம்மா, அவன் எந்த ஊர்க்காரன்னே தெரியாது. வண்டி நம்பரே பொய். யாருன்னு நான் சொல்ல?"

"போலீசுக்கே தெரியாதுன்னா?"

"போலீசுன்னா எல்லாம் தெரியுமா? ஒரு புகார் எழுதிக் குடு."

"புகார் குடுத்தா ஆடு வராதே" என்றாள் சீனியம்மாள், எதுவும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல.

வீட்டுக்குப் போய் யோசித்தாள். ஆட்டைக் கொண்டுபோனவன் யாரென்று தெரியாது, எந்த ஊருக்குக் கொண்டுபோனான் என்று தெரியாது, ஆனால் எது வழியாகக் கொண்டுபோனான் என்று ஊருக்கே தெரியும்; எல்லாத் திருடனையும் தெரிந்த ஒரே ஆள் அந்த ரோடுதான். எனவே அவள் வெற்றிலை, பாக்கு, ஒரு சேவல், கால் பாட்டில் சாராயம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் இருந்த கிலோமீட்டர் கல்லுக்குப் போய், அதன் தலையில் வெற்றிலையை வைத்து, சேவலை அறுத்து, சாராயத்தைத் தாரில் ஊற்றி, "ஒனக்கு உள்ளதை ஒனக்குக் குடுத்துட்டேன், எனக்கு உள்ளதை எனக்குக் குடு" என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்கு முன்னால் கார் வந்தது. உள்ளே ஆடுகள் புழுக்கை போட்டுக்கொண்டு நின்றன. காரை ஓட்டியவன் இறங்கி, கல்லுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த செண்பகராஜிடம், "அண்ணே, காலையிலேர்ந்து நேராத்தான் ஓட்டுறேன், எப்பிடி ஓட்டினாலும் இங்கயே வருது, இது என்ன ஊரு?" என்று கேட்டு அழுதுவிட்டான். செண்பகராஜ் அவனுக்கு டீ கொடுத்தான். ஊர் வந்து ஆடுகளை இறக்கியது. ரெண்டு கிழவர்கள் கடமைக்கு அவனை ரெண்டு அடி அடித்தார்கள். கொம்பையா ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, சீனியம்மாள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"புகார்?" என்றார்.

"அதான் ஆடு வந்துட்டே."

புகார் இல்லாமல் வழக்கில்லை, வழக்கில்லாமல் கைதில்லை. காலிக் காரை எடுத்துக்கொண்டு அவன் போனான், அப்போது ரோடு ஒழுங்காக நான்குவழிச்சாலையில் கொண்டுபோய்விட்டது. களவுப் பொருள் இல்லாதவனோடு ரோட்டுக்கு ஒரு தகராறும் இல்லை.

அதன்பிறகு ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. செவ்வாய்க்கிழமைதோறும் வரி போட்டுக் கல்லுக்கு வெற்றிலை வைத்தார்கள். திருடர்கள் வந்து சேருகிற நேரம் பார்த்து செண்பகராஜ் வடை போட்டான். பைக்கில் வந்து பம்புசெட் ஒயரைத் திருடியவர்கள், கோயில் உண்டியலைத் தூக்கியவர்கள், பருத்தி மூட்டையோடு போனவர்கள் எல்லாரும் நாள் முழுக்க ஓட்டி, பெட்ரோல் தீர்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தன் ஒயரைத் திரும்ப மாட்டும்போது மோட்டாரில் இருந்த பழைய பழுதையும் சரிசெய்து கொடுத்தான்; அவனுக்கு அந்த ஊரில் நல்ல பெயர். திருடர்கள் போனார்கள், போய் வேறு திருடர்களிடம் சொன்னார்கள், அவர்கள் நம்பாமல் வந்தார்கள். தன் எல்லைக்குள் தினமும் களவு நடப்பதையும், களவாணிகள் தன் கண்ணெதிரே வடை தின்பதையும் பார்த்துக்கொண்டு, ஒரு வழக்கும் இல்லாமல் கொம்பையா உட்கார்ந்திருந்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை. "ரோடு போலீஸ் வேலை பாக்குது, நான் ரோடு மாதிரிக் கெடக்கேன்" என்று அவர் செண்பகராஜிடம் சொன்னார். அவன் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

அப்படி இருக்கையில்தான் பூல்பாண்டி காரை மறித்தான். லோகு, விமல் என்று ரெண்டு பேர் அவனுடைய ஆடுகளைத் தூக்கிக் காருக்குள் போடும்போது, எப்படியும் சாயங்காலம் திரும்பிவிடும் என்று சும்மா இருந்திருக்கலாம்; ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்போது அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் அவன் கண்ணெதிரே சினையாட்டைக் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை, ரோட்டின் நடுவில் போய் நின்றான். கார் நிற்கவில்லை. வலது முழங்கால் நொறுங்கிப்போனது. ஆம்புலன்ஸ் அந்த ரோட்டில் சீக்கிரம் வந்தது, அதை மட்டும் சொல்லவேண்டும். புருஷனை ஏற்றிவிட்டு, தானும் ஏறுவதற்கு முன்னால் சீனியம்மாள் ஒரு நிமிஷம் கல்லுக்கு ஓடிப்போய் வந்தாள். எதற்கென்று அப்போது யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் லோகுவும் விமலும் ஆடுகளோடு வந்து சேர்ந்தார்கள். ஆடுகளை இறக்கிக்கொண்டு ஊர் அவர்களைப் போகச் சொன்னது. போனார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வந்தார்கள். காலிக் காரோடு போனாலும் வந்தார்கள், காரை விட்டுவிட்டு நடந்து போனாலும் வந்தார்கள், வயலுக்குள் இறங்கிக் குறுக்கே ஓடினாலும் கடைசியில் காலுக்குக் கீழே தார் தட்டுப்பட்டது. சரி, இருக்கிறவன் சும்மா எதற்கு இருக்க வேண்டும், ஆட்டுக்காரனும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானே என்று ஊர் அவர்கள் கையில் தொரட்டியைக் கொடுத்துப் பூல்பாண்டியின் ஆடுகளை மேய்க்க அனுப்பியது. கொம்பையா ஆஸ்பத்திரிக்குப் போய் சீனியம்மாளிடம் கெஞ்சினார்.

"இது ஆடு இல்லம்மா, மனுசன் காலு. கொலை முயற்சி. ஒரு கையெழுத்துப் போடு."

"கொஞ்சம் பொறுங்க ஏட்டய்யா" என்று மட்டும் சொன்னாள்.

வாரங்கள் போயின. எலும்பைச் சேர்த்தாயிற்று, ஆனால் அந்த முழங்கால் இனி மடங்காது, கட்டையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூல்பாண்டியைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். அன்றைக்கு மதியமே சீனியம்மாள் காவல் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். கொம்பையா சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். உடனே லோகுவையும் விமலையும் கைது செய்து, இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

"யோவ், இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும், தெரியும்ல? ஒருநாளாவது ஒரு கேசு பிடிச்சிருக்க, அதையும் சொதப்பிராத. சொதப்பினா வீட்டுக்குப் போயிருவ."

ரெண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டினார். பாலம் வந்தது, காற்றாலைகள் வந்தன, நான்குவழிச்சாலை வரவேண்டிய இடத்தில் கிலோமீட்டர் கல் வந்தது. செண்பகராஜ் கை காட்டினான். கொம்பையா வண்டியைத் திருப்பி மறுபடியும் ஓட்டினார். பாலம், காற்றாலை, கல். திரும்பவும் பாலம், காற்றாலை, கல். இந்தமுறை கல்லுக்குப் பக்கத்தில் ஊரே வந்து நின்றுகொண்டிருந்தது.

"ஏட்டய்யா, டீ ஆறுது" என்றான் செண்பகராஜ்.

பின்னாலிருந்து லோகு சொன்னான்: "சார், நாங்கதான் அன்னிக்கே சொன்னோம்ல. இந்த ஊர்ல ஜெயிலு கெடையாது சார், ஊரே ஜெயிலு."

"வாயை மூடுல!"

இறங்கி, செண்பகராஜின் சட்டையைப் பிடித்தார். "களவுச் சாமான் ஒண்ணும் வண்டியில கெடையாது. ஆடு இல்ல, ஒயர் இல்ல. பெறவு எதுக்குல ரோடு விட மாட்டேங்குது?"

செண்பகராஜ் சீனியம்மாளைப் பார்த்தான். சீனியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"பூல்பாண்டி அண்ணன் காலுக்குத் துப்புக்கூலி குடுத்திருக்கு மயினி" என்றான் அவன். "ஆம்புலன்சு நிக்கும்போதே. ரெட்டைச் சேவல்."

கொம்பையாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தபிறகு அவர் போட்ட சத்தத்தில் டீக்கடைக் கூரைக் காக்கைகள் எழும்பின. கால் என்ன ஆடா, கொண்டுபோய் ஒரு மரத்தில் கட்டிவைத்திருக்கிறானா, அவிழ்த்துக்கொண்டு வர? ரோடு வாங்கிய கூலிக்கு என்னத்தைக் கொடுக்கும்? காலைக் கொடுக்க அதனால் ஆகாது, எடுத்தவனைத்தான் பிடித்துப் பிடித்துக் கொண்டுவந்து போடும், ஆயுசு முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கும்! அதற்குமேல் என்னிடமும் வந்து ஒரு கையெழுத்து!

"ரோட்டுலயும் குடுத்துட்டு, என்கிட்டயும் குடுத்தா எப்பிடிம்மா? ஏதாவது ஒரு எடத்துல நம்பு!"

"ஏதாவது ஒண்ணு நடக்கும்லா ஏட்டய்யா" என்றாள் சீனியம்மாள்.

"போய் வேண்டாம்னு சொல்லு. குடுத்ததைத் தள்ளுபடின்னு சொல்லு. இவனுக வெளிய போகட்டும்."

"நாளைக்கே காலு வந்துட்டுன்னா?"

"வராது!"

"ஆடும் வராதுன்னுதான் சொன்னீக."

கொம்பையா ஊரைப் பார்த்தார். ஊர் அவள் பக்கம் நின்றது. அதிலும் ஒரு பெரியவர், ரோடு தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது என்றுகூடச் சொன்னார்: பூல்பாண்டிக்குப் போனது ஒரு கால், வந்து ஆடு மேய்ப்பது நாலு கால், கணக்கில் மிச்சம்தானே? ஊர் தலையை ஆட்டியது. ஏட்டு ரெண்டு பேரையும் லாக்கப்பில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார், தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் நிலையத்துக்கு வந்தால் லாக்கப் காலியாக இருந்தது. ஆடு பசியில் கத்துகிறது என்று சீனியம்மாள் வந்து கேட்டாளாம், காவலுக்கு இருந்த ஊர்க்காவல்படைக்காரன் சாவியைக் கொடுத்துவிட்டானாம். "எங்க ஓடிருவானுக ஏட்டய்யா?" என்றான் அவன், அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு தேடிப் போனார். மதியத்துக்குள் மாஜிஸ்திரேட்.

பூல்பாண்டியின் கட்டில் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் ஓடைக்கரை வரை தெரியும். வீட்டுக்கு வந்த முதல் காலை அது. தன் ஆடுகளை வேறு ஆட்கள் மேய்ப்பதை அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான். லோகு ஆடுகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். ஆட்டுக்கு முன்னால் எவனாவது நடப்பானா? விமல் தொரட்டியைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு போனில் எதையோ பார்த்தான். கடா ஒன்று யாரோ ஒருவருடைய பருத்திக்குள் இறங்கி நிதானமாகத் தின்றது. சினையாடு மந்தையைவிட்டு வெகுதூரம் பின்தங்கி, முள்ளுக்குள் கழுத்து மாட்டி நின்றது. அதை ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

பூல்பாண்டி நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தான். அவ்வளவு தூரத்திலும் ஆடுகள் அத்தனையும் தலையைத் தூக்கின. அவன் எழுந்திருக்கப் பார்த்தான், உடம்பு கட்டில் சட்டம் வரைக்கும் வந்தது, கால் வரவில்லை. கீழே விழுந்தான்.

கொம்பையாவும் சீனியம்மாளும் ஓடி வந்து தூக்கினார்கள். அவன் முகமெல்லாம் மண்.

"ஏளா, அதுதான் ரோடு குடுத்த காலா?"

சீனியம்மாள் அவன் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள்.

"நாலு காலுன்னு சொன்னானாமே எவனோ. என் கால் எப்பிடி நடக்கும்னு ஒனக்குத் தெரியாதா? சினையாட்டை விட்டுட்டு என் கால் முன்னால போயிருக்கா, என்னைக்காவது?"

"சரியாப் போயிரும்னு டாக்டரு..."

"டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். காலு போனது போனதுதாம்ளா. அதுக்குப் பதிலா இந்த ரெண்டு மூதேவியையும் ஆயுசுக்கும் கட்டில்ல கெடந்து பாக்கச் சொல்லுதியா? எனக்கு இந்தக் காலு வேண்டாம். ஏட்டய்யா, கொண்டு போங்க. கேசைப் போடுங்க."

சீனியம்மாள் அவன் முகத்து மண்ணை முந்தானையால் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள், மண் போனபிறகும் துடைத்தாள். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், கல்லை நோக்கி நடந்தாள். கல்லுக்கு முன்னால் நின்று, கை கூப்பாமல், "அவருக்குக் காலு வராது. நீ இவனுகளை விட்டுரு" என்றாள். அந்த வாக்கியத்தை அதுவரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிமுடித்ததும் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் அடிபட்ட நாளிலிருந்து அவள் அழுது ஊர் பார்த்தது அப்போதுதான். செண்பகராஜ் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஜீப் கிளம்பியது. பாலம், காற்றாலை, நான்குவழிச்சாலை. லாரிகளின் இரைச்சல் கேட்டதும் விமல் குழந்தைபோலச் சிரித்தான். ஜெயிலுக்குப் போகிறோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால் நீதிமன்றம் போய்ச் சேர்ந்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ரோடு சரியில்லைங்க அய்யா என்றார் கொம்பையா. கிராமத்துப் போலீஸ்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான் என்பதால் மாஜிஸ்திரேட் தலையை ஆட்டிவிட்டு ரிமாண்டில் கையெழுத்துப் போட்டார். வராந்தாவில் வக்கீல் ஒருவர் ஏற்கெனவே லோகுவிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டை மறித்து ஆடுகள் கடந்துகொண்டிருந்தன. பின்னால் தொரட்டியோடு சீனியம்மாள் வந்தாள். நாக்கைச் சுழற்றுகிற சத்தம் அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை, ஆடுகள் அதைச் சட்டைசெய்யவில்லை. ஜீப்பைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள்.

"குடுத்துட்டீகளா?"

"குடுத்துட்டேன். உள்ள போட்டுட்டாங்க."

"எப்பத் தீரும்?"

கொம்பையா ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஜாமீன் அடுத்த மாதம் கிடைக்கும். குற்றப்பத்திரிகை, வாய்தா, சாட்சி, வாய்தா, மாஜிஸ்திரேட் மாற்றல், மறுபடி வாய்தா.

"நாலஞ்சு வருசம் ஆவும்மா."

சீனியம்மாள் அவரை நம்பாதவள்போலப் பார்த்தாள். "ரோடு அன்னைக்கே குடுக்கும்" என்றாள்.

"அது ஆட்டைக் குடுக்கும்."

"ஆமா" என்று ஒத்துக்கொண்டாள். தொரட்டியைக் கைமாற்றிக்கொண்டாள். "அப்பம் கோர்ட்டுல யாருக்கு ஏட்டய்யா வெத்தலை வைக்கணும்? அதை மட்டும் சொல்லிருங்க."

கொம்பையாவுக்கு அதற்கு ஒரு பெரிய பதில் தெரியும், வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலியில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஜீப்பை அணைத்தார். சினையாடு ரோட்டின் நடுவில் வந்து நின்று, ஜீப்பை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. இருவரும் ஆடுகள் கடந்து முடியட்டும் என்று காத்திருந்தார்கள். நிறைய ஆடுகள் இருந்தன.